கல்லூரியிற் கணக்கின் முதற்படி

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் கல்வி நிதி எவ்வெவர்க்குப் பயன்படல் வேண்டும் என்பது பற்றிச் சில கூறுமாறு நிர்வாகிகள் எம்மைப் பணித்தனர். யாம் தமிழ் கற்பிக்கும் தொழிலினேம். எனினும் இன்று கணக்கைப் பற்றிப் பேசத் துணிந்தோம். தமிழாசிரியர்க்குக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் நினைத்தல் கூடும். பண்டைத் திண்ணைப் பள்ளியில் எழுத்தையும் எண்சுவடியையும் ஓராசிரியரே கற்பித்தார். எழுத்து வரிசைக்கே நெடுங்கணக்கு என்று பெயரிட்டவர் நம் முன்னோர். ஆதலின் இஃது எமக்குப் புறம்பான பொருளன்று.

இன்று யாம் எடுத்துக்கொண்ட செய்தி அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளைப் பற்றியது. அங்கே சமுதாயக் கல்லூரி எனப்படும் ஈராண்டுக் கல்லூரிகள் ஏறத்தாழ ஆயிரம் உள. அவ்வகைப் பொதுக் கல்லூரிகளுள் மூத்தது, இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901ஆம் ஆண்டில் தோன்றியது. உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் எவராயினும் இக்கல்லூரிகளிற் சேரலாம். மதிப்பெண்ணைக் கேட்டுக் கதவடைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பள்ளியிலிருந்து நேரே வந்த பதினெட்டு வயதினரும், பகலெல்லாம் கடையிலும் ஆலையிலும் உழைத்துவிட்டு மாலையில் வரும் நாற்பது வயதினரும், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பின் படிக்கவந்த தாய்மாரும் ஒரே வகுப்பில் அமர்வர்.

இவர்களுட் பலர் அங்கு முதலிற் பயில நேரும் பாடம் 'பிரீ-ஆல்ஜிப்ரா' என்பது. இயற்கணிதத்திற்கு முற்பட்ட கணக்கு என்பது அதன் பொருள். முழு எண், குறையெண், பின்னம், தசமம், விகிதம், நூற்று வீதம், எளிய சமன்பாடு ஆகியவை அதன்கண் அடங்கும். நம் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுவர் கற்பன பெரும்பாலும் இவையே. கல்லூரிக்கு வந்தும் பின்னம் படிப்பதா என்று நகைப்பாரும் உளர். நகைத்தற்கு இதில் ஒன்றுமில்லை என்பது எம் முதற் கருத்து. முதற்படியிற் கால் வைப்பது நன்று, முதற்படியிலேயே ஒருவரை நிறுத்திவைப்பது தீது என்பது எம் இரண்டாம் கருத்து. இவ்விரண்டையும் முறையே கூறுவோம்.

முதலாவது, வயது வந்தோர் இப்பாடத்தில் இடர்ப்படுவது ஏன் என்று ஆராய்வோம். ஸ்டிக்லர், கிவ்வின், தாம்ப்சன் என்னும் மூவர் இத்தகைய கல்லூரி மாணாக்கரை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரே எண்ணை ஐந்தால் வகுத்தலும் எட்டால் வகுத்தலும் ஆகிய இரண்டனுள் எது பெரிது என்னும் வினாவிற்குப் பாதியளவினரே சரியான விடை கூறினர். ஏனையோர் அறிவிலாதாரோ? அல்லர். கணக்கு என்பது பொருள் விளங்காமல் நினைவில் வைக்கவேண்டிய விதிகளின் தொகுதி என்று அவர்கட்குப் பள்ளியிலே படிந்துவிட்டது. விதி மறந்தவுடன் கணக்கும் மறைந்தது.

இதனை நம் வீட்டு வழக்கிலே வைத்துக் காண்போம். அரையையும் காலையும் கூட்டுக என்றால், விதியை மறந்த மாணாக்கன் மேலெண் இரண்டையும் கூட்டி, கீழெண் இரண்டையும் கூட்டி, ஆறில் இரண்டு என்பான். ஆறில் இரண்டாவது மூன்றில் ஒன்று. கையிலிருந்த அரையினும் அது குறைந்துபோயிற்று! அரைப்படி அரிசியின்மேற் காற்படி அரிசியைக் கொட்டும் தாயார் எவரும் இவ்விடையை ஏற்கமாட்டார். முக்கால் என்று அவர் உடனே சொல்லுவார். முக்கால் என்னும் சொல்லிலேயே அக்கணக்கின் வழி அடங்கியுள்ளது. அரை என்பது இரண்டு கால். அதனோடு ஒரு காலைச் சேர்த்தால் மூன்று கால். கீழெண்ணை ஒன்றாக்கிக் கூட்டுக என்று புத்தகம் கூறுவது இதனையே. அரைக்கால் என்னும் சொல்லோ பின்னப் பெருக்கலைக் கூறுகின்றது. காலிற் பாதி எட்டில் ஒன்று. முந்திரி நான்கு ஒரு காணி. காணி நான்கு ஒரு மா. மா ஐந்து ஒரு கால். ஆகவே முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இத்துணை நுண்ணிய பின்னங்களை வாய்ப்பாடாக ஓதிய மக்கட்குப் பின்னம் அச்சந்தருவதாதல் வியப்பே.

குறையெண்ணும் அத்தகையதே. பிரமகுப்தர் 628ஆம் ஆண்டில் இயற்றிய நூலிலே, நிறையெண்ணைத் தனமாகவும் குறையெண்ணைக் கடனாகவும் வைத்து விதி கூறினார். திங்கள்தோறும் 200 ரூபாய் வட்டி கட்டிவந்த ஒருவர்க்கு அக்கடன் நீங்கியது என்று கொள்க. மூன்று திங்களில் அவர்க்கு மிச்சம் 600 ரூபாய். கடனை நீக்குதல் வரவாயிற்று. குறையைக் குறையாற் பெருக்க நிறையாதல் இதுவே. இவ்வாறு வாழ்க்கையை அறிந்தவர்க்குச் சொன்னால், பன்னிரண்டு வயதில் விளங்காதது நாற்பது வயதில் விளங்கும். முதிர்ந்தோர் இப்பாடத்தைப் பயிலுதலில் இழிவொன்றும் இல்லாமையோடு, அவர்கட்கு ஒரு வாய்ப்பும் உண்டு என்பது இதனாற் பெறப்படும்.

ஆல்ஜிப்ரா என்னும் பெயரும் இவ்விடத்து நினைக்கத் தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டிற் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்னும் அறிஞரது நூற்பெயரில் உள்ள 'அல்-ஜபர்' என்னும் அரபுச்சொல்லினின்று இப்பெயர் வந்தது. குறைந்ததை நிறைத்தல், உடைந்ததைப் பொருத்துதல் என்று அதற்குப் பொருள். இசுப்பானிய நாட்டில் எலும்பு முறிவைக் கட்டும் வைத்தியரையும் முற்காலத்தில் இச்சொல்லடியாகவே வழங்கினர். முறிந்துபோன படிப்பைப் பொருத்துதற்கு இப்பாடம் அமைந்தது பெயர்ப்பொருத்தம் உடையதே.

இனி இரண்டாம் கருத்துக்கு வருவோம். முறிந்த எலும்பைக் கட்டியவர் நோயாளியை எழுந்து நடக்கவிடல் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் நெடுங்காலம் நிகழ்ந்தது வேறு. சேர வந்தவர்க்கு ஒரு சிறு தேர்வு வைத்தனர். அதிற் குறைந்த மதிப்பெண் பெற்றவர் முதலிற் கூட்டல் கழித்தல், அடுத்து பிரீ-ஆல்ஜிப்ரா, அதன்பின் தொடக்க இயற்கணிதம், அதன்பின் இடைநிலை இயற்கணிதம் என்று படிப்படியாக ஏறிய பின்னரே கல்லூரிக் கணக்கைத் தொடலாம். ஒவ்வொரு படிக்கும் ஓர் அரையாண்டு, கட்டணமும் உண்டு. ஆனால் அப்படிகளுள் ஒன்றும் பட்டத்திற்குரிய கணக்கிற் சேராது.

இவ்வேணியின் தீமையை அப்பாடத்துக் கணக்கைக்கொண்டே அறியலாம். ஒவ்வொரு படியிலும் பத்துப்பேருக்கு எழுவர் தேறி மேலேறுகின்றனர் என்று கொள்வோம். எழுவர் தேறுதல் நல்ல தேர்ச்சியே என்று தோன்றும். நூறு பேர் தொடங்கினால் முதற்படியில் 70 பேர். இரண்டாம் படியில் 49 பேர். மூன்றாம் படியில் 34 பேர். நான்காம் படியில் 24 பேர். ஆசிரியர் எவரும் பிழை செய்திலர். ஆயினும் நூற்றுக்கு எழுபத்தாறு பேர் வழியிலே உதிர்ந்தனர்.

நிகழ்ந்ததும் இதற்கு அணித்தாகவே இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் பெய்லி, ஜியோங், சோ ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கணக்கு முன்பாடங்கட்கு அனுப்பப்பட்டோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அப்படிகளை மூன்றாண்டுகளிற் கடந்தனர். மூன்று படி கீழே நிறுத்தப்பட்டோருள் நூற்றுக்கு 17 பேரே கடந்தனர். தேர்வில் தோற்று விலகியவரினும், முதல் வகுப்பிற்கோ அடுத்த வகுப்பிற்கோ வந்து சேராமலே விலகியவர் மிகுதி என்பதும் அதிற் கண்ட உண்மை. படிக்கவந்தவரைப் பாடம் விரட்டவில்லை, காத்திருத்தல் விரட்டியது.

இதனை உணர்ந்த அந்நாட்டார் வழிகளை மாற்றலாயினர். நியூயார்க்கு நகரப் பல்கலைக்கழகத்தில் 2013இல் ஒரு சோதனை செய்தனர். தொடக்க இயற்கணிதத்திற்கே உரியவர் என்று குறிக்கப்பட்ட மாணாக்கரைக் குலுக்கல் முறையாற் பிரித்து, ஒரு பகுதியாரை அம்முன்பாடத்திலும், மற்றொரு பகுதியாரை நேரே கல்லூரிப் புள்ளியியலிலும் சேர்த்தனர். பின்னவர்க்கு வாரந்தோறும் துணை வகுப்பு ஒன்றும் நடத்தினர். முன்பாடத்தில் தேறினோர் நூற்றுக்கு 39 பேர். துணையோடு உயர்பாடம் பயின்று தேறினோர் 56 பேர். புளோரிடா மாநிலம் 2013இற் சட்டமியற்றி, அண்மையில் அரசுப் பள்ளிகளை முடித்தவர் பெரும்பாலோர்க்கு முன்பாடக் கட்டாயத்தை நீக்கிற்று. டென்னசி மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகள் 2015 முதல் உயர்பாடத்தையும் துணைப்பாடத்தையும் உடனிகழ்வாகக் கற்பிக்கலாயின. கலிபோர்னியாவில் 2017இல் ஒரு சட்டமும் 2022இல் மற்றொன்றும் தோன்றி, ஒருநாட் சிறுதேர்வை விடப் பள்ளியில் ஈட்டிய மதிப்பெண்ணையே நம்புமாறு செய்தன. அம்மாநிலத்தில் பிரீ-ஆல்ஜிப்ரா வகுப்புகள் பெரிதும் குறைந்தன.

இம்மாற்றத்தை மறுப்பாரும் உளர். அவர் கூற்றையும் கேட்டல் அறம். பள்ளியை விட்டு இருபதாண்டு கழிந்து வரும் முதியவர்க்கு நிதானமாகப் பின்னம் பயில ஓரிடம் வேண்டுமே; அவ்வகுப்பை மூடினால் அவர் எங்குச் செல்வார் என்பது அவர் வினா. இது புறக்கணிக்கத் தக்கதன்று. வேண்டுவார்க்கு முதற்படி இருத்தல் வேண்டும்; எவரையும் அதன்கண் தளையிடுதல் கூடாது என்பதே இரு பக்கத்தார்க்கும் ஒத்த முடிவாகும் என்று எமக்குத் தோன்றுகின்றது.

ஒரு சமூகத்தின் உயர்விற்கும் கணக்கிற்கும் உள்ள தொடர்பைக் கண்டவர் இராபர்ட் மோசசு என்னும் கறுப்பின அமெரிக்கர். இவர் 1960களில் மிசிசிப்பி மாநிலத்திற் கறுப்பின மக்கள் வாக்குரிமை பெறுதற்குத் துன்பங்கள் பல ஏற்று உழைத்தவர். பின்னர் 1982இல் இயற்கணிதத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வாக்குரிமை போன்றே கணக்கறிவும் ஏழை மக்கட்கு இன்றியமையாத உரிமை என்று 2021இல் தாம் மறையுங்காறும் உழைத்தார். முதல் மதிப்பெண் பெற்ற சிலரைத் தேடிப் பாராட்டுதலோடு அவர் நின்றிலர். பின்தங்கிய பிள்ளைகளையே நாடிச் சென்றார்.

அன்பர்களே! இச்செய்தி கடல் கடந்த நாட்டினதாயினும் இதன் பயன் நம் முன்றிலில் உள்ளது. நம் கல்வி நிதி ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றார்க்கே வழங்கப்படுகின்றது. அது நன்றே. எனினும் பத்தாம் வகுப்பிற் கணக்கொன்றில் மட்டும் தவறிப் படிப்பை விட்டவர் நம் குடும்பங்களில் எத்துணைப் பேர்! ஆண்மக்களாயின் கடைக்குச் சென்றனர். பெண்மக்களாயின் மணம் முடித்து அனுப்பப்பட்டனர். ஒரு பாடம் அவர் வாழ்நாள் முழுதையும் தீர்மானித்துவிட்டது. தனித்தேர்வராக மீண்டும் எழுதும் வழி திறந்தே இருக்கின்றது. கைப்பிடித்து அழைத்துச் செல்வார்தாம் இல்லை.

ஆதலின் நிதிக்குழுவினர்க்கு யாம் மூன்று விண்ணப்பம் செய்கின்றோம். ஒன்று: கல்வி நிதியிற் காற்பங்கு, கணக்கில் தவறியவர்க்கும் படிப்பை விட்டு மீள வருவார்க்கும் ஒதுக்கப்படுக. இரண்டு: சங்கக் கட்டிடத்தில் சனி ஞாயிறு மாலைகளிற் கணக்கு வகுப்பு ஒன்று நடைபெறுக, அதில் தாய்மார்க்குத் தடையில்லாத நேரம் அமைக. இடமிருக்குமாயின் அண்டை வீட்டாரையும் வருக என்போம், கணக்கிற்குக் குலமில்லை. மூன்று: அவ்வகுப்பு நெடிய ஏணியாகாதிருக்க. ஒருவர் எழுதவேண்டிய தேர்வு எதுவோ, ஏற்கவேண்டிய தொழில் எதுவோ, அதனையே முதல்நாள் தொட்டுக் கற்பித்து, அதற்கு வேண்டிய பின்னத்தையும் விகிதத்தையும் உடன் கற்பிக்க.

தகுதியுடையார்க்கன்றோ பொருள் கொடுத்தல் முறை என்பார்க்கு ஒரு விடை கூறுவோம். முதல் மதிப்பெண் பெற்றவர் நம் உதவியின்றியும் பெரும்பாலும் மேற்செல்வர். வாயிலிலே நின்று உள்ளே வரத் தயங்குபவர் நம் உதவியின்றி வருதல் அரிது. ஒரே தொகை எவ்விடத்து மிகுதியாகப் பயன் தரும் என்பதும் ஒரு கணக்கே. அதனை நிதிக்குழுவினர் செய்து பார்ப்பாராக.

இவ்விண்ணப்பத்தை இவ்வாண்டிலேயே தீர்மானமாக்கித் தருமாறு வேண்டி அமைகின்றோம்.