பல் துலக்கப் பயம் வேண்டாம்



இன்று ஓர் அபூர்வமான நோயைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் ஹீமோபிலியா.

கத்தி பட்டால் கையில் ரத்தம் வரும். சிறிது நேரத்தில் உறைந்து நின்றுவிடும். உறைய வைக்கும் பொருள்கள் நம் ரத்தத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் 'பேக்டர்' என்கிறார்கள். பிறவியிலேயே ஒரு பேக்டர் குறைந்திருந்தால், அதுதான் ஹீமோபிலியா. அவர்களுக்கு ரத்தம் எளிதில் நிற்காது.

பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே இது வருகிறது. ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும். இது தொற்றுநோய் அல்ல. சாபமும் அல்ல. தாய் வழியாக வருவது உண்டு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் வருவதும் உண்டு. தாயைக் குறை சொல்லாதீர்கள்.

இந்தப் பிள்ளைகள் பல் துலக்கும்போது சில சமயம் ஈறில் ரத்தம் வரும். வீட்டில் பயந்துவிடுவார்கள். "பிரஷ் வேண்டாம் கண்ணு, வாய் கொப்பளித்தால் போதும்" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

எப்படி? துலக்காத பல்லில் அழுக்கு படியும். ஈறு வீங்கும். வீங்கிய ஈறில் இன்னும் அதிகமாக ரத்தம் வரும். பல் சொத்தையாகும். கடைசியில் பிடுங்க வேண்டி வரும். முன்னேற்பாடு இல்லாமல் பிடுங்கினால் நாள் கணக்கில் ரத்தம் கசியும். உயிரே போகலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் பல் முளைத்ததுமே துலக்கத் தொடங்குங்கள். மெத்தென்ற பிரஷ் வாங்குங்கள். புளோரைடு உள்ள பேஸ்ட் நல்லது. காலையிலும், இரவு படுக்கும் முன்பும் துலக்குங்கள். செங்கல் தூள், கரித்தூள் வேண்டாம். அவை ஈறைக் கீறும். மிட்டாயைக் குறையுங்கள். ஆடும் பால் பல்லை நூல் கட்டி இழுக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். போனதும் நோயின் பெயரைச் சொல்லுங்கள். பல் பிடுங்கும் முன் ஹீமோபிலியா மருத்துவரையும் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் முதலில் பேக்டர் ஊசி போடுவார்கள். பிறகுதான் பல்லைத் தொடுவார்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இது இலவசம். தெருவோரம் பல் பிடுங்குபவரிடம் போகவே கூடாது.

பல்வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். அது ரத்தம் உறைவதைத் தடுக்கும். வாயில் ரத்தம் வந்தால் சுத்தமான ஈரத் துணியை வைத்து அழுத்துங்கள். பத்து நிமிடத்தில் நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது நமக்கு எழுதத் தெரியும். ஓர் அட்டை எடுங்கள். பிள்ளையின் பெயர், நோயின் பெயர், எந்தப் பேக்டர் குறைவு, ரத்த வகை, மருத்துவமனையின் பெயர், இவற்றை எழுதுங்கள். தம்பிகளே, அந்த அட்டை எப்போதும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.

தினமும் துலக்குவோம். பல்லையும் காப்போம், உயிரையும் காப்போம்.