இரண்டாம் முறை தொட்ட கரம்

(மருத்துவமனைக்காக ஜெபிக்கும் நண்பர்களின் கூடுகையில் சாப்ளின் ஆற்றிய உரை)



மாற்கு 8ஆம் அதிகாரத்தில் வரும் பெத்சாயிதா குருடனை நாம் அறிவோம். ஆண்டவர் அவனைத் தொட்டபின், என்ன தெரிகிறது என்று அவனிடமே விசாரித்தார். பார்வை இன்னும் மங்கல்தான் என்பதை அவன் ஒளிக்காமல் சொன்னான். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, மறுபடியும் தொட்டார்.

சென்ற ஆண்டு 17 வயதுப் பையன் ஒருவனை அவன் தாயார் எங்களிடம் அழைத்து வந்தார்கள். 2 ஆண்டுகளில் 4 முறை கண்ணாடி மாற்றியும் கரும்பலகை தெரியவில்லை. படிக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறான் என்றே வீட்டார் எண்ணியிருந்தார்கள். அவன் ஓயாமல் கண்ணைக் கசக்குவதை எங்கள் டாக்டர் கவனித்தார். நோயின் பெயர் கெரட்டோகோனஸ்: கருவிழி மெலிந்து, கூம்பாகப் புடைத்துவிடுவது.

கருவிழியின் வளைவை டயாப்டர் என்ற அளவால் குறிக்கிறார்கள். சராசரி ஏறக்குறைய 43. அது 48ஐத் தாண்டினால் டாக்டர்கள் இந்நோயைச் சந்தேகிப்பார்கள். ஆனால் இந்த அளவு எல்லா ஜனங்களிலும் ஒன்றுபோல் இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வெள்ளையரும் இந்தியத் துணைக்கண்டத்து வம்சத்தாரும் அருகருகே வாழ்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அந்நகரத்து ஆய்வு ஒன்று, இந்நோய் நம்மவரிடம் 4 மடங்குக்கும் மேலாகக் காணப்படுவதையும், இளவயதிலேயே வெளிப்படுவதையும் காட்டியது. ஊர் ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று, கண்களோ வேறு.

இதனால் நம் ஜனத்தின் கண்கள் குறைபட்டவை என்று யாரும் எண்ணவேண்டாம். ஒரே தாயின் பிள்ளைகளுக்கும், ஏன், ஒரே பிள்ளையின் இரு கண்களுக்கும் அளவு வேறுபடும். எங்கே விழிப்பாயிருக்க வேண்டும் என்பதை மட்டுமே சராசரி சொல்லும். ஒவ்வொரு கண்ணையும் அளந்துதான் தீரவேண்டும்.

எங்களிடமுள்ள பழைய கருவி கருவிழியின் நடுவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டரை மட்டும் அளக்கிறது. கூம்போ பெரும்பாலும் சற்றுக் கீழே தொடங்குகிறது. கருவிழி முழுவதையும் வரைபடமாக்கும் டோப்போகிராபி இயந்திரம் அதை முன்னமே காட்டிவிடும். அந்தப் பையனை அதற்காக நகரத்துக்கு அனுப்பினோம். ஒரு கண்ணில் நோய் முற்றியிருந்தது. மற்றக் கண்ணுக்கு ரைபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு சிகிச்சை செய்தார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 2003இல் இதன் பலனை வெளியிட்டார்கள். இது இழந்த பார்வையைத் திரும்பத் தராது. நோய் மேலும் வளராதபடி பெரும்பாலோருக்குத் தடுக்கும். ஆகவே காலம் தாழ்த்தலாகாது.

அவனை அனுப்பினோம், அவன் போனான். ஆனால் பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் தடையாக, போகாமலே இருந்துவிட்டவர்கள் உண்டு. அவர்களை நினைத்தே இந்த இயந்திரத்துக்காக உங்கள் முன் நிற்கிறோம். உங்களால் இயன்றதை மனப்பூர்வமாய்க் கொடுங்கள். கொடுக்க இயலாதவர்கள் ஜெபியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அடிக்கடி கண்ணாடி மாற்றினாலோ, கண்ணைக் கசக்கினாலோ, திட்டாதிருங்கள். என்ன தெரிகிறது என்று கேளுங்கள். பரிசோதிக்க அழைத்துச் செல்லுங்கள்.

முதல் தொடுதலோடு நின்றுவிடாத ஆண்டவர் நம்மையும் அவ்விதமாய் நடத்துவாராக. ஆமென்.