மிஸாப் பள்ளத்தாக்கின் வியாபாரிகள்

(வியாபாரிகளும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"காலம் மாறிப்போச்சு ஹஜ்ரத், இன்னுமா ஊர்க்கட்டுப்பாடு?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். "காலம் கெட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். இருவரையும் வைத்துக்கொண்டு இன்று அல்ஜீரியாவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

தலைநகர் அல்ஜியர்ஸிலிருந்து தெற்கே சுமார் 600 கிலோமீட்டர் போனால், ஸஹாரா பாலைவனத்தில் மிஸாப் என்றொரு பள்ளத்தாக்கு. கல்லும் மணலும்தான். அங்கே ஐந்து ஊர்கள். பெரியது கர்தாயா. மூத்தது அல்அத்ஃப், 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஊர். மக்கள் பெர்பர் இனத்தவர், இபாளி வழியினர். மஸ்கட்டில் வேலை பார்த்துத் திரும்பிய சகோதரர்களுக்கு இபாளிகளைத் தெரிந்திருக்கும். அவர்களுக்கும் நமக்கும் உள்ள கொள்கை வேறுபாட்டைப் பேச இது இடமல்ல. அவர்கள் வியாபாரிகள். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஆண்கள் வடக்கே போய் அல்ஜியர்ஸ் போன்ற நகரங்களில் மளிகை, ஜவுளி என்று கடை போடுவார்கள். காசு ஊருக்கு வரும். ஆனால் ஊரில் மாளிகை எழும்பாது! பக்கத்து வீட்டுக்கு வரும் வெயிலை மறைத்து ஒருவன் வீடு உயரக்கூடாது, அடுத்தவர் முற்றம் தெரியக்கூடாது என்பது கட்டுப்பாடு. பணக்காரன் வீடும் ஏழை வீடும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். பள்ளிவாசலிலும் பூவேலை, சித்திரவேலை கிடையாது. பனீ யஸ்கன் என்ற ஊரில் மாலை வேளையில் சந்தைத் திடலைச் சுற்றி மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். விற்பவர் பொருளைத் தூக்கிக்கொண்டு ஏலம் கூறியபடி சுற்றி வருவார்.

இதையெல்லாம் காத்தது அஸ்ஸாபா என்ற பள்ளிவாசல் ஆலிம்கள் சபை. மஹர் இவ்வளவு, கல்யாணச் செலவு இவ்வளவு என்று வரம்பு கட்டியது அந்தச் சபை. பல மாப்பிள்ளைகளுக்கு ஒரே நாளில், ஒரே விருந்தில் கல்யாணம் நடத்துவதும் அங்கே உண்டு. மகள் கல்யாணத்துக்காகக் கடையை அடமானம் வைத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம்; பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன்.

பெண்களுக்கும் ஒரு சபை உண்டு. மய்யித்தைக் குளிப்பாட்டும் பெண்கள்தான் அதன் உறுப்பினர்கள். "உன் மய்யித்துக்கு வரமாட்டோம்" என்று அவர்கள் சொல்லிவிட்டால் வீடே நடுங்கும். ஆனால் சகோதரர்களே, இதே சபைதான் பெண்கள் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறக்கூடாது என்பதையும் காவல் காத்தது. கணவன் வருடக்கணக்கில் வடக்கே கடையில். மனைவி இங்கே தனியாக. இதை நான் புகழ மாட்டேன். 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டு தளர்ந்தது, நல்லதாயிற்று.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் வெளியாட்கள் மட்டுமல்ல. ஷைக் இப்ராஹீம் பய்யூள் என்ற ஆலிம் 1925ல் கராரா ஊரில் அல்ஹயாத் கல்விக்கூடத்தைத் தொடங்கியபோது, பழமை பேசிய ஆலிம்களே அவருக்கு எதிரே நின்றார்கள். அல்ஜீரியாவின் தேசிய கீதத்தை எழுதிய முஃப்தி ஸக்கரிய்யாவும் இந்தப் பள்ளத்தாக்கின் மகன்தான். (முஃப்தி என்பது அவருடைய பெயர், பட்டமல்ல!)

இனி தண்ணீருக்கு வருவோம். முன்பு கழுதையையும் ஒட்டகத்தையும் பூட்டி ஆழக் கிணறுகளில் நீர் இறைத்தார்கள். எப்போதோ வரும் வெள்ளத்தைக் கல் வாய்க்கால்களால் தோட்டம் தோட்டமாகப் பங்கிட்டார்கள். பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது, மோட்டார் வந்தது. உழைப்பு குறைந்தது, அதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் தண்ணீர் குழாயில் வரத் தொடங்கியதும் ஆற்றுக்குப் பயப்படும் பழக்கம் போய்விட்டது. பேரீச்சந்தோட்டங்களிலும் ஆற்றுப் படுகையிலும் வீடுகள் முளைத்தன. 2008 அக்டோபர் 1ஆம் தேதி, நோன்புப் பெருநாள் சமயத்தில் ஆறு பொங்கியது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குன்றின் மேல் இருந்த பழைய ஊர்கள் தப்பின.

அந்த வெள்ளத்துக்கு முன்பே சிலர் விழித்திருந்தார்கள். 1990களின் இறுதியில் பனீ யஸ்கன் அருகே, விவசாயத்துக்கு உதவாத பாறைக் குன்றின் மீது தாஃபிலால்த் என்ற புதுக் குடியிருப்பைத் தொடங்கினார்கள். பழைய ஊர் போல ஒடுங்கிய தெரு, நிழல், முற்றம். உள்ளே மின்சாரம், குழாய், கார் நிறுத்த இடம். அரசு உதவி கொஞ்சம், ஊர் உழைப்பு கொஞ்சம். குடியேறுபவர் மரமும் நட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அடுத்ததை மறைத்தால் நான் நேர்மையாளன் அல்ல. அதே பள்ளத்தாக்கில் மாலிக்கி மத்ஹபைச் சேர்ந்த அரபிகளும் வாழ்கிறார்கள். 2013 டிசம்பரில் இரு தரப்புக்கும் மூண்ட சண்டை விட்டுவிட்டு நீடித்தது. 2015 ஜூலையில் மட்டும் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பலர் இறந்த இடம் கராரா. ஷைக் பய்யூள் கல்விக்கூடம் தொடங்கினாரே, அதே ஊர். அது ரமளான் மாதம். மத்ஹபுச் சண்டை என்று பத்திரிகைகள் எழுதின. உள்ளே போய்ப் பார்த்தால் நிலம், வீடு, வேலையில்லாத இளைஞர்கள் என்று வேறு கணக்குகளும் கிடந்தன. கல்யாணச் செலவுக்கு வரம்பு கட்டத் தெரிந்த சபையின் சொல் அடுத்த தெரு அரபி வாலிபனிடம் செல்லவில்லை. சொந்த வாலிபர்களிடமும் முழுதாகச் செல்லவில்லை. கடைகள் எரிந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தையில் வாங்கி விற்ற இரு தரப்பாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்.