தலை சுற்றினால் காதையும் கவனியுங்கள்

(யட்டவத்தயில் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



மலையில் கொழுந்து எடுக்கும்போது ஒருவருக்குத் தலை சுற்றினால் நாம் உடனே என்ன சொல்கிறோம்? "பித்தம் கூடிப்போச்சு", "உடம்புல ரத்தம் இல்ல" என்கிறோம். ரத்தக் குறைவாலும், பிரஷராலும், சாப்பிடாமல் வேலைக்குப் போவதாலும் தலை சுற்றுவது உண்மைதான். ஆனால் காதாலும் தலை சுற்றும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

காதுக்கு இரண்டு வேலை. ஒன்று கேட்பது. மற்றது நம்மை விழாமல் நிறுத்துவது. உட்காதில் வளைந்த சிறிய குழாய்கள் மூன்று உண்டு. அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது அந்த நீர் அசைந்து மூளைக்குச் செய்தி போகிறது. பிள்ளைகள் கிறுகிறுவென்று சுற்றி நின்ற பிறகும் லயம் சுற்றுவதுபோல் தெரிகிறதல்லவா? வாளித் தண்ணீரைச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தாலும் தண்ணீர் சுழன்றுகொண்டே இருப்பதைப் போலத்தான் அது.

குழாய்களுக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய பைகள். அவற்றில் மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. மேல் எது, கீழ் எது, தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இவை சொல்கின்றன. காதும் கண்ணும் பாதமும் ஒத்துச் சொன்னால்தான் சரிவில் கூடையோடு நம்மால் நிற்க முடிகிறது.

வியன்னாவில் ரொபர்ட் பாரனி என்ற டொக்டர், நோயாளிகளின் காதைக் கழுவும்போது தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் சூடாக இருந்தாலும் தலை சுற்றுவதைக் கவனித்தார். உடம்புச் சூட்டுத் தண்ணீரில் சுற்றவில்லை. உட்காதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டின் நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

வயது போகப்போக, அல்லது தலையில் அடிபட்ட பிறகு, சிலருக்கு அந்தத் துகள்கள் கழன்று குழாய்க்குள் போய்விடும். படுக்கையில் புரண்டால், எழும்பினால், அண்ணாந்து பார்த்தால் வீடே சுற்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். இதற்கு மாதக்கணக்கில் மாத்திரை தேவையில்லை. டொக்டர் கட்டிலில் படுக்கவைத்து, தலையை ஓர் ஒழுங்கில் திருப்பினால் துகள்கள் பழைய இடத்துக்கே போகும். அமெரிக்க டொக்டர் ஜோன் எப்லி 1992இல் எழுதி வெளியிட்ட முறை இது. பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சுகமாகிறது.

ஆகவே டொக்டரிடம் "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லி மாத்திரையோடு திரும்பாதீர்கள். எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது, காது இரைகிறதா, சீழ் வடிகிறதா என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளின் காதில் எண்ணெய் விடுவதும் நெருப்புக்குச்சி விடுவதும் வேண்டாம். சீழ் வந்தால் உடனே காட்டுங்கள்.

மலையில் சுற்றினால் அந்த இடத்திலேயே கூடையை இறக்கிவிட்டு உட்காருங்கள். அரைப்பேர் ஆகிவிடுமே என்று பயந்து சரிவில் நிற்க வேண்டாம். விழுந்து கால் முறிந்தால் எத்தனை பேர் போகும்? கங்காணிமாரே, உட்கார்ந்தவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள்.

தலைச்சுற்றோடு வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கை கால் வலுவிழந்தால் அது காது வருத்தமல்ல, பாரிசவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் பிந்தாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இங்கே கேட்டதை வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாவுக்கும் போய்ச் சொல்லுங்கள்.