கான்கிரீட்டைச் சோதிப்பது யார்?

(கட்டுமானத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ரோடு போடுகிறவர்களும் பாலம் கட்டுகிறவர்களும் நிறைந்த இக்கூட்டத்தில், கான்கிரீட் என்றால் என்னவென்று நாம் விளக்கத் தேவையில்லை. ஆனால் அது நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புக் கூறும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது? இக்கேள்வியை நாம் எழுப்பியே தீரவேண்டும்.

கேரளத்தின் பாலாரிவட்டம் மேம்பாலத்தை எடுத்துக்கொள்வோம். எர்ணாகுளத்தில், தேசிய நெடுஞ்சாலை பைபாஸில் கட்டிய பாலம். 2016 அக்டோபரில் திறந்தார்கள். 2019 மே மாதம் மூடினார்கள். மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை! கர்டர்களில் விரிசல். சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்தார்கள், என்ஜினீயர் ஈ.ஸ்ரீதரன் வந்து பார்த்தார். மேற்பகுதியை இடித்துக் கட்டுவதென்று கேரள சர்க்கார் முடிவு செய்தது. முதலில் பாரம் ஏற்றிச் சோதியுங்கள் என்றது ஹைக்கோர்ட். அந்த உத்தரவை 2020 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. 2021 மார்ச்சில்தான் பாலம் மறுபடி மக்களுக்குக் கிடைத்தது.

கட்டி முடித்த பாலத்தைச் சோதிப்பதற்கு இவ்வளவு நிபுணர்கள், இவ்வளவு கோர்ட்டுகள், இவ்வளவு காலம்! வார்க்கும்போதே கலவையைச் சோதிக்க என்ன வேண்டும்? அடியில் 20, மேலே 10, உயரம் 30 சென்டிமீட்டர் உள்ள ஓர் இரும்புக் கூம்பு. குத்துவதற்கு ஒரு கம்பி. கூம்பில் கலவையை நிரப்பிக் குத்தி, கூம்பை மேலே தூக்கினால், கலவை எவ்வளவு சரிகிறது என்று அளந்துவிடலாம். நிர்ணயித்ததற்கு மேல் சரிந்தால், தண்ணீர் அதிகமென்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

தண்ணீரை ஏன் அதிகம் ஊற்றுகிறார்கள்? கலவை வழுவழுவென்று ஓடும், ஆள் குறையும், வேலை சீக்கிரம் முடியும், பில்லும் சீக்கிரம் வரும். சிமெண்டுக்குத் தண்ணீரின் விகிதம் ஏற ஏற, பலம் இறங்கும் என்று டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே எடுத்துக் காட்டிவிட்டார். உபரித் தண்ணீர் வற்றியபின் நுண்துளைகள் மிஞ்சும். அவற்றின் வழியே ஈரமும் உப்பும் புகுந்து கம்பியைத் துருவாக்கும். வேடிக்கை என்னவென்றால், கலவையில் வேண்டாத தண்ணீரை ஊற்றும் அதே காண்டிராக்டர், வார்த்தபின் வேண்டிய தண்ணீரை ஊற்றமாட்டார்! சாதாரண சிமெண்டானால் குறைந்தது 7 நாள், வெயில் காய்ந்தால் 10 நாள் ஈரம் காயாமல் வைக்க வேண்டுமென்பது விதி. தண்ணீர் லாரிக்குக் காசு அழவேண்டுமே!

அடுத்தது கியூப். 15 சென்டிமீட்டர் கட்டிகளாக வார்த்து, 28-வது நாள் மெஷினில் நசுக்கிப் பார்ப்பது. சாலைப் பலகை லாரியின் பாரத்தில் வளைகிறதல்லவா? ஆகவே அதற்கு நீளமான கட்டிகளையும் வார்த்து, வளைத்து முறிக்கிறார்கள். ஐ.எஸ். 456 விதிப்படி 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி. 31 முதல் 50 கன மீட்டருக்கு நான்கு. மாதிரி ஒவ்வொன்றுக்கும் மூன்று கியூப். விதியில் குறையில்லை. ஆனால் கியூபுக்கு ஒரு கலவை, பாலத்துக்கு வேறொரு கலவை என்றால் எந்த மெஷின் கண்டுபிடிக்கும்? சோதனைக் கூலியையும் காண்டிராக்டரே கொடுக்கும் இடத்தில், ரிப்போர்ட் எப்படி இருக்கும்?

மெஷினுக்குத் தெரியாதது சித்தாளுக்குத் தெரியும். எத்தனை வாளி தண்ணீர் கூடுதலாகப் போயிற்று, ஜல்லியில் எவ்வளவு மண் ஒட்டியிருந்தது என்பதெல்லாம் அவள் கண்முன் நடப்பவை. அவளை யாரும் கேட்பதில்லை. நேர்மையான என்ஜினீயர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் மதிக்கிறோம். அவர்களுக்கும் நம் சாட்சியம் பலமே தரும்.

2005-ம் வருஷத் தகவல் உரிமைச் சட்டம், சர்க்கார் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றுடன் எடுக்கவும் எந்தப் பிரஜைக்கும் உரிமை அளிக்கிறது. சங்கக் கிளைகள் இதைப் பயன்படுத்த வேண்டும். தொழிலாளர் பிரதிநிதியின் முன்னால் கியூப் வார்க்க வேண்டும். அவர் கையெழுத்தும் தேதியும் அதில் இருக்கவேண்டும். ரிஜிஸ்டர் தமிழிலும், பீகார், வங்காளத்திலிருந்து வந்து உழைக்கும் நம் தோழர்களுக்காக இந்தியிலும் வங்காளியிலும் சைட்டில் திறந்து கிடக்கவேண்டும்.

இன்னொன்று. மோசமான லோடைத் திருப்பி அனுப்பினால், வேலை நின்றுபோனதென்று சொல்லி நம் கூலியை வெட்டுகிறார்கள். அதனாலேயே, தவறைப் பார்த்தவர்களும் வாய்மூடி நிற்கிறார்கள். ஆகவே லாரி திரும்பிய நாளுக்கு முழுக் கூலி தரவேண்டுமென்பதை, இம்முறை கோரிக்கை மனுவில் முதலாவதாகவே எழுதியிருக்கிறோம்.