மார்கழிப் பனியும் ஔலுப் பனியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



பின்லாந்தில் பார்த்த வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வேலையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் தூங்கிடுவீங்க. அதனால் வேலைக்குப் போன வழியைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் இரண்டு குளிர்காலம் இருந்த ஊர் ஔலு. டிசம்பர் கடைசியில் அங்கே பகல் என்பது சுமார் மூன்றரை மணி நேரம்தான். மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரியெல்லாம் சாதாரணம். அந்தக் குளிரில் சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போவதைப் பார்த்து வாயடைத்துப் போனேன். குளிர்கால சைக்கிள் ஓட்டம் பற்றிய உலக மாநாடு முதன்முதலில் 2013இல் அந்த ஊரில்தான் நடந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு நானும் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன்.

முதல் வாரம் மூன்று தடவை விழுந்தேன். அப்புறம் கூட வேலை பார்த்தவர் டயரை மாற்றச் சொன்னார். அங்கே டயரிலேயே சின்னச் சின்ன உலோக முனைகள் பதித்து விற்கிறார்கள். அது பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும். இன்னொரு விஷயம், கடுங்குளிரைவிட பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில்தான் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். மைனஸ் 10இல் 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காற்று அடித்து உடம்புக்கு மைனஸ் 18 போலத் தெரியும். முதலில் மரத்துப்போவது விரல்தான். விரல் மரத்தால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும். அதற்குக் கம்பளிக் கையுறைக்கு உள்ளே மெல்லிசாகப் பட்டுக் கையுறை போடச் சொன்னார்கள். தறிக்காரன் வீட்டில் பிறந்த நான் முதன்முதலில் பட்டு உடுத்தியது பின்லாந்தில், அதுவும் விரலில்!

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது வெளிச்சம். சைக்கிளில் முன்னாலும் பின்னாலும் விளக்கு. நடந்து போகிற பாட்டியின் கோட்டில்கூட ஒரு ரிப்ளெக்டர் தொங்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2008 மார்கழி ஞாபகம் வரும்.

அப்போது நான் மூன்றாம் ஆண்டு. எங்கள் வீடு தேவிகாபுரம் பக்கம். தை முகூர்த்தத்துக்கு முன்னால் சேலை கொடுத்தாக வேண்டும் என்று அப்பா ராத்திரியெல்லாம் தறியில் இருந்து முடித்தார். விடியற்காலை எக்ஸ்எல் வண்டியில் அவரைப் பின்னால் உட்கார வைத்து ஆரணிக்குக் கிளம்பினேன். அவரை முதலாளி வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே காலேஜுக்கு வருவதாகத் திட்டம். மூடுபனி. "மெதுவா போடா, பனி கொட்டுது"ன்னு அப்பா இரண்டு தடவை சொன்னார். எனக்கு முதல் பீரியட் டெஸ்ட். 40இல் போனேன்.

ரோட்டு ஓரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிப்பர் நின்றிருந்தது. பின்னால் விளக்கு இல்லை, ரிப்ளெக்டர் இல்லை. பார்த்தபோது பத்து மீட்டர்கூட இல்லை. எனக்கு முட்டி சிராய்ப்போடு போச்சு. அப்பாவுக்கு வலது மணிக்கட்டு. நெசவாளிக்கு வலது மணிக்கட்டு என்றால் என்னவென்று ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். நாடாக் கயிறு இழுக்கிற கை அது. தறி நாலு மாதம் நின்றது. சேலையில் பட்ட கிரீஸ் கறைக்குக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அம்மா ஊர்த் தறிகளுக்கெல்லாம் தார் சுற்றிக் கொடுத்துத்தான் அந்த செமஸ்டர் பீஸ் கட்டினோம். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், இஞ்சினியர் ஆச்சே! 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி யோசிப்பதற்குள் வண்டி 11 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 10 மீட்டராவது வேண்டும். ஆக 21. பனியில் கண்ணுக்குத் தெரிவது 15 மீட்டர் என்றால் 30 தான் வேகம். மொத்தம் 14 மீட்டரில் நிற்கும். மழை பெய்த மாதிரி ரோடு நனைந்திருந்தால் அதுவும் போதாது. ஹைபீம் போட்டால் கூடுதலாகத் தெரியும் என்று நினைக்காதீங்க. பனித்துளியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி வரும். லோ பீம் போடுங்க. டெஸ்டைத் திரும்ப எழுதலாம். நானும் எழுதினேன், பார்டரில் பாஸ்.

பதிவு மேசையில் இரண்டு பெட்டி சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். வீட்டில் டிப்பர், மாட்டு வண்டி இருப்பவர்கள் முதலில் எடுத்துக்கோங்க. மிச்சத்தை சைக்கிள், பைக்குக்கு ஒட்டலாம். மேசையில் என் அப்பாதான் உட்கார்ந்திருக்கிறார். இடது கையால் எடுத்துக் கொடுத்தால் தப்பாக நினைக்காதீங்க.