பெருங்கணினிக்கு மூன்று கட்டளைகள்



பெருங்கணினியின் இயக்க முறைமை என்றதும் அஞ்ச வேண்டா. 1964இல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம்/360 வரிசைக்கென எழுதப்பட்ட முறைமையிடம் ஒரு வேலையை ஒப்படைக்க, அடிப்படையாக மூன்று கட்டளைகளை அறிந்தால் போதும். வேலை யாருடையது என்பதை 'ஜாப்' சொல்லும்; எந்த நிரலை ஓட்டுவது என்பதை 'எக்ஸெக்' சொல்லும்; எந்தக் கோப்புகள் வேண்டும் என்பதை 'டிடி' சொல்லும். ஒரு காற்புள்ளி தவறினாலும் வேலை திரும்பிவிடும். தொடக்கத்தில் எவருக்கும் அப்படித்தான்!

1969இல் பெல் ஆய்வகத்தின் சிறு கணினியொன்றில் பிறந்த யூனிக்ஸ் வேறு வகை. கட்டளையிட்டவுடன் விடை தரும்.

அந்நாளில் குளிரூட்டிய அறைக்குள் அனுமதி பெற்றவரே பெருங்கணினியைத் தொட முடிந்தது. இன்றோ, ஹெர்குலிஸ் என்னும் இலவச மென்பொருள் சாதாரணக் கணினியிலேயே அதனை இயக்கிக் காட்டுகிறது. பழைய எம்.வி.எஸ். 3.8 முறைமையும் விலையின்றிக் கிடைக்கிறது. இவ்வாரமே நிறுவிப் பாருங்கள். வேலை திரும்பினால், பிழைச் செய்தியை எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.